கட்டுண்ட கரங்கள்

மன்னார்த் தீவிலே தோட்டவெளி என்னும் ஊருக்குச் செல்லும் விசுவாசிகள், அங்குள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டுச் செபியாமல் திரும்புவதில்லை. 1544ஆம் ஆண்டிலே, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஒரே காரணத்திற்காக உயிரிழந்த அந்த எளிய கரையோர மக்களை நினைக்கும்போது, புனித பிரான்சிஸ் சவேரியாரையும் நாம் நினைவுகூருகின்றோம். அவர்களிடம் குருவானவரை அனுப்பி வைத்தவர் அவரே. நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் புனிதராக வணங்கப்படும் அவரது சுரூபம் நம் கரையோர ஆலயங்கள் பலவற்றில் உண்டு. ஒரு கையில் சிலுவையை உயர்த்தியபடி உறுதியாக நிற்கும் தோற்றத்திலேயே அவரைக் கண்டு பழகியிருக்கின்றோம்.

ஆனால், அந்தக் கையே ஒருகாலத்தில் இழக்கப்படும் நிலையில் இருந்தது என்பதையும், அந்நிய நாட்டிலே கல்வி கற்கச் சென்ற இளைஞராக அவர் வீங்கிய அவயவங்களோடு படுக்கையில் கிடந்தார் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே. நமது பிள்ளைகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் சென்னையிலும் கல்வி பயில்கின்றனர். பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்த மகன், வாடகை அறையிலே தனித்துக் கிடந்துகொண்டு, தொலைபேசியில் தாயிடம் தான் நலமாக இருப்பதாகச் சொல்லுகிறான். அவன் குரலிலுள்ள நடுக்கத்தைத் தாய் கண்டுகொள்கிறாள். ஆனாலும் அவளால் ஓடிச்சென்று பார்க்க முடிவதில்லை. அத்தகைய பிள்ளைகளுக்காகவும் பெற்றோருக்காகவும் சவேரியாரின் வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து இன்று தியானிப்போம்.

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி, ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் அன்று தனி இராச்சியமாக இருந்த நவாரிலே, சவியேர் என்னும் கோட்டையில் பிறந்தார். தந்தை சட்டம் கற்றவர். அரசனின் ஆலோசனைச் சபையில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆயினும் செல்வமும் செல்வாக்கும் நிலைக்கவில்லை. 1512இல் நவார் இராச்சியத்தைக் கஸ்தீலியப் படைகள் கைப்பற்றின. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டில் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பத்து வயதுச் சிறுவன் தன் வீடு இடிபடுவதைக் கண்ணால் கண்டான். மூத்த சகோதரர் இருவரும் இழந்த நாட்டை மீட்கும் போரில் இறங்கினர். வீட்டில் தாயோடு இருந்த இளையவரோ வாளை எடுக்காமல் ஏட்டை எடுத்தார். 1525ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், குடும்பத்தின் குறைந்துபோன வருவாயை நம்பிப் பாரிஸ் நகரிலே புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். அதன்பின் தாயின் முகத்தை அவர் காணவேயில்லை. 1529இல், மகன் தொலைவில் இருக்கையிலேயே, அந்தத் தாய் கண்மூடினார்.

பாரிஸ் வாழ்வு இளைஞனுக்கு இனித்தது. கல்வியில் அவர் சிறந்தார். 1530இல் முதுகலைப் பட்டம் பெற்றுத் தத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். விளையாட்டிலும் பெயர் பெற்றார். சேன் நதியின் நடுவிலுள்ள தீவில் மாணவர்கள் கூடி ஓடியும் தாண்டியும் போட்டியிடுவர். தாண்டுவதில் சவேரியாரை வெல்லக்கூடியவர் மிகச் சிலரே. தம் உடலின் உறுதியைக் குறித்து அவருக்குப் பெருமை இருந்தது. கோட்டையும் நாடும் போய்விட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு எஞ்சியிருந்த சொத்துக்கள் அறிவும் உடல் வலிமையும் அல்லவா?

இத்தகைய இளைஞனின் அறைக்குத்தான் இறைவன் ஒரு முடவரை அனுப்பினார். 1529இல் அந்த அறையில் வந்து சேர்ந்தவர் லொயோலா ஊர் இஞ்ஞாசியார். முப்பத்தைந்து வயதைக் கடந்த மாணவர், பழைய போர்வீரர். 1521ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி பம்பலோனாக் கோட்டையைக் காத்து நின்றபோது, பீரங்கிக் குண்டு அவரது வலக்காலை நொறுக்கியது. மற்றக் காலும் காயமுற்றது. எலும்பு பிழையாகப் பொருந்தியதால் மருத்துவர்கள் அதை மீண்டும் முறித்துப் பொருத்தினர். முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த எலும்பு அழகிய காலணி அணியத் தடையாயிருந்தது என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அக்காலத்திலே அதை அரத்தால் அறுத்தெடுக்கவும் அவர் சம்மதித்தார். அவ்வளவு வேதனையைத் தாங்கியும் கால் குட்டையாகவே போயிற்று. வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். ஆனால் அந்த நீண்ட நோய்ப் படுக்கையிலேதான் கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வரலாற்றையும் வாசித்து மனம் மாறினார். பின்னர் சிறுவர்களுடன் ஒரே வாங்கிலிருந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். அந்த முடமான காலோடுதான் ஸ்பெயினிலிருந்து பாரிஸ் வந்து சேர்ந்தார். கல்விச் செலவுக்காகப் பிறரிடம் கையேந்தவும் அவர் வெட்கப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இஞ்ஞாசியாரின் காலை முறித்த அந்தப் போரிலே, எதிரணியில் நின்றவர்கள் சவேரியாரின் சகோதரர்கள். பகைமைக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? தொடக்கத்தில் சவேரியார் அந்த நொண்டி மாணவரைப் பரிகாசம் செய்தார். இஞ்ஞாசியாரோ பொறுமையோடு காத்திருந்தார். சவேரியாருக்குப் பணம் தேவைப்பட்டபோது உதவினார். அவரது வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்தார். உலகம் முழுவதையும் சம்பாதித்தும் ஆன்மாவை இழந்துபோகிறவனைப் பற்றி ஆண்டவர் சுவிசேஷத்தில் கேட்ட கேள்வியை அவர் முன் திரும்பத் திரும்ப வைத்தார் என்று மரபு கூறும். அதே அறையில் வாழ்ந்த மூன்றாமவர் பீற்றர் பேபர். சவோய் நாட்டு மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த சிறுவனாக வளர்ந்தவர். பிரபுவின் மகனும் இடையனின் மகனும் முடமான போர்வீரரும் ஓர் அறையில் வாழ்ந்தனர். மூவரும் இன்று பீடத்திற்கு உயர்த்தப்பட்ட புனிதர்கள். பேபரை 2013ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக ஏற்றுக்கொண்டார்.

1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளில், எழுவர் மொன்மாத்ர் குன்றிலே சிற்றாலயம் ஒன்றில் கூடினர். ஏழ்மையையும் கற்பையும் கடைப்பிடிப்பதாகவும், எருசலேமுக்கு யாத்திரை செல்வதாகவும் இறைவனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தனர். இயேசு சபையின் விதை அன்று ஊன்றப்பட்டது. சில வாரங்களின் பின், இஞ்ஞாசியார் வகுத்த முப்பது நாள் தியானத்தில் சவேரியார் நுழைந்தார்.

மனம் திரும்பிய இளைஞருக்குத் தம் பழைய பெருமை அருவருப்பாய்த் தோன்றியது. தாண்டுவதில் தாம் அடைந்த வீண் புகழுக்குப் பரிகாரமாக, மெல்லிய கயிறுகளால் தம் கைகளையும் தொடைகளையும் இறுகக் கட்டிக்கொண்டார். ஆரம்பத்தில் எவரிடமும் சொல்லவில்லை. நாட்கள் சென்றன. தசை வீங்கிக் கயிற்றை மூடியது. கயிறு எங்கே இருக்கிறதென்று தெரியாத அளவுக்கு அது சதைக்குள் புதைந்தது. அவிழ்க்கவும் இயலவில்லை, அறுத்தெடுக்கவும் மருத்துவர் அஞ்சினர். கையையே வெட்ட நேருமோ என்ற பயம் எழுந்தது. தோழர்கள் செய்வதறியாது அவரைச் சூழ்ந்திருந்து செபித்தனர். பின்னர் ஒரு நாள், கயிறுகள் அறுந்து விழுந்திருக்கவும் வீக்கம் வடிந்திருக்கவும் கண்டு இறைவனைத் துதித்தனர். இது பாரிசில் தியான நாட்களில் நிகழ்ந்தது என்று சில வரலாற்றாசிரியர்களும், பின்னர் 1536இல் பாரிசிலிருந்து வெனிஸ் நோக்கிக் கால்நடையாகச் சென்ற வழியிலே நிகழ்ந்தது என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். எங்கு நிகழ்ந்ததாயினும், தாய்நாட்டுக்குத் தொலைவில், உறவினர் எவருமில்லாத இடத்தில், தாமே தேடிக்கொண்ட காயத்தோடு அவர் கிடந்தார் என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

அன்பான வாசகர்களே, இந்த நிகழ்ச்சியை அற்புதமாக மாத்திரம் வாசித்துக் கடந்துபோகக் கூடாது. சவேரியாரின் ஆர்வம் நல்லது. செய்த வழி நல்லதன்று. உடல் இறைவனின் ஆலயம் என்பதை அவர் அப்போது மறந்திருந்தார். இஞ்ஞாசியாரும் ஒருகாலத்தில் மிகையான உபவாசத்தால் தம் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர். அதனாலேயே பிற்காலத்தில் தம் சபையினர் அளவு மீறிய தவமுயற்சிகளால் உடலைக் கெடுத்துக்கொள்ளாதபடி எச்சரித்தார். பெருமையை ஒழிப்பதற்காகக் கட்டிய கயிற்றிலும் ஒரு பெருமை ஒளிந்திருக்கக் கூடும். என்னை நானே திருத்திக்கொள்வேன், எவர் துணையும் எனக்கு வேண்டாம் என்ற எண்ணமே அது. காயத்தை மறைத்து வைக்கும் நம் பிள்ளைகளிடத்திலும் அந்த எண்ணம் இல்லையா? பெற்றோர் வருந்துவர் என்றும், பணம் செலவாகும் என்றும், படிப்புத் தடைப்படும் என்றும் சொல்லி வலியை மறைக்கின்றனர். மறைத்த வலி கயிறு போலவே சதைக்குள் புதைகின்றது.

சவேரியாரைக் காத்தவை இரண்டு. ஒன்று, தோழர்களின் செபம். மற்றொன்று, தம் பலவீனத்தைத் தோழர்கள் காண அவர் இறுதியில் இடங்கொடுத்தமை. தாண்டும் போட்டியில் அவரைக் கைதட்டிப் பாராட்டிய கூட்டம் அந்தப் படுக்கையருகே நின்றதாக எந்த வரலாறும் கூறவில்லை. நின்றவர்கள், முடமானவரின் தலைமையில் ஒன்றுசேர்ந்த சில ஏழை மாணவர்களே.

1536ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி தோழர்கள் பாரிசைவிட்டுப் புறப்பட்டனர். தோளில் புத்தகப் பையும் கழுத்தில் செபமாலையும் தாங்கி, பனிக்காலத்தில், போர் நடந்துகொண்டிருந்த நாடுகளின் ஊடாக 54 நாட்கள் பயணம் செய்து, 1537 ஜனவரி 8ஆம் திகதி வெனிஸ் சேர்ந்தனர். அங்கே தீரா நோயாளர் மருத்துவமனையில் சவேரியார் பணி செய்தார். பிறர் அருவருத்து ஒதுக்கிய புண்களைக் கழுவினார். தாமே புண்பட்டுக் கிடந்தவர் அல்லவா? நோயாளிகளின் படுக்கையருகே எப்படி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வாண்டு ஜூன் 24ஆம் திகதி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1541 ஏப்ரல் 7ஆம் திகதி, தமது முப்பத்தைந்தாவது பிறந்தநாளில், லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 1542 மே 6ஆம் திகதி கோவாவில் கரையிறங்கினார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பாரிசில் தத்துவம் கற்பித்த ஆசிரியர், மணற்பாடு, தூத்துக்குடி, புன்னைக்காயல் ஆகிய கடற்கரை ஊர்களில் மீண்டும் மாணவரானார். உள்ளூர்த் துணையாளரின் உதவியோடு செபங்களைத் தமிழில் அமைத்து, ஒவ்வொரு சொல்லாக மனனம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைக் கற்பித்தார். பிழையாக உச்சரித்தபோது சிறுவர்கள் சிரித்திருப்பர். சிறுவர்களோடு அமர்ந்து இலக்கணம் கற்ற இஞ்ஞாசியாரின் அறைத்தோழருக்கு அது பெரிய அவமானமாகத் தோன்றியிராது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமாபுரியிலுள்ள தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துவிடுவதைத் தெரிவித்தார். வெட்டப்பட இருந்த கையை ஆண்டவர் எதற்காகக் காத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அதே ஆண்டிலேதான் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. கடலுக்கு அப்பால் முத்துக்குளித்துறையில் நிகழ்வதைக் கேள்வியுற்ற மன்னார்த் தீவின் மக்கள், தங்களுக்கும் குருவானவர் வேண்டுமென்று சவேரியாரிடம் வேண்டினர். அவரால் வர முடியவில்லை. அவ்வாண்டு வடுகர் படையெடுப்பால் முத்துக்குளித்துறை மக்கள் அலைக்கழிந்தனர். குமரி முனையருகே பாறைகளில் தஞ்சம் புகுந்து பசித்திருந்தோருக்குத் தோணிகளில் உணவு கொண்டுசெல்ல அவர் பாடுபட்டார். திருவிதாங்கூர்க் கரையிலும் மக்கள் அவருக்காகக் காத்திருந்தனர். எனவே தமக்குப் பதிலாக வேறொரு குருவானவரை மன்னாருக்கு அனுப்பினார். பட்டிம் என்று போர்த்துக்கேயர் குறித்த ஊரிலும் அயலிலும் பலர் திருமுழுக்குப் பெற்றனர். மன்னார் அக்காலத்தில் யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. தன் குடிகள் போர்த்துக்கேயரின் சமயத்தைத் தழுவினால் அவர்கள் ஆட்சியையும் ஏற்பர் என்று அஞ்சிய சங்கிலி மன்னன் படையோடு வந்தான். விசுவாசத்தைக் கைவிட மறுத்தவர்கள் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிக் கொல்லப்பட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மரபு.

செய்தி சவேரியாரை எட்டியது. 1545 ஜனவரி 27ஆம் திகதி எழுதிய கடிதத்தில் அவர் அதைக் குறிப்பிட்டார். அவரது உள்ளத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அழைத்தவர்கள் இறந்துவிட்டனர், அழைக்கப்பட்டவர் உயிரோடிருந்தார். ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்த அவரது கை மன்னாருக்கு மட்டும் எட்டவில்லை. அந்தத் துயரத்தில் அவர் படைபலத்தை நாடினார். சங்கிலியைத் தண்டிக்க வேண்டுமென்று போர்த்துக்கேய ஆளுநரிடம் முறையிட்டார். நாகபட்டினத்தில் கடற்படைக்காகக் காத்திருந்தார். ஆனால் பெகு நாட்டிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்குகள் சங்கிலியின் கையில் சிக்கின. சரக்கை மீட்பதே வணிகர்களுக்குப் பெரிதாயிற்று. படை புறப்படவில்லை. இறந்த ஏழைகளின் இரத்தத்தைவிடப் பொருள்மூட்டைகள் கனமாய் நிறுக்கப்பட்டதை அவர் கண்டார்.

சவேரியாரை நேசிக்கும் நாம் இதை மூடிமறைக்க வேண்டியதில்லை. வாளால் நீதி வாங்க அவர் விரும்பியது உண்மை. அது நிறைவேறாமற் போனது இறைவனின் இரக்கமே என்று இன்று நாம் சொல்லலாம். படைகளால் எவ்வளவு அழிவு விளையும் என்பதை மன்னாரும் மாந்தையும் மடுவும் அனுபவித்து அறிந்திருக்கின்றன. தம் வலிமையை நம்பலாகாது என்ற பாடத்தைப் பாரிசில் படுக்கையில் கற்றவர், பத்தாண்டுகளின் பின் நாகபட்டினக் கரையில் அதே பாடத்தை மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. புனிதர்களுக்கும் பாடங்கள் ஒரேமுறையில் முடிவதில்லை. அங்கிருந்து அவர் மயிலாப்பூர் சென்று, புனித தோமையாரின் கல்லறையருகே மாதக்கணக்காய்த் தங்கிச் செபித்தார். இனி எங்கே செல்வது என்று இறைவனின் சித்தத்தைத் தேடினார். ஆயுதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர், அவ்வாண்டிலேயே செபமாலையோடு மலாக்கா நோக்கிக் கப்பலேறினார். பின்னர் மொலுக்காஸ் தீவுகளுக்கும் யப்பானுக்கும் சென்றார். 1552 டிசம்பர் 3ஆம் திகதி, சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில், நாற்பத்தாறாவது வயதில், குடிசையொன்றிலே உயிர்நீத்தார். சீனாவுக்குள்ளும் அவரது கை எட்டவில்லை.

1614இல் அவரது வலது முன்கை உடலிலிருந்து பிரிக்கப்பட்டு உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டது. இயேசு சபையின் தலைமைக் கோவிலில் அது இன்றும் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. அதே கோவிலில்தான் நொண்டி நடந்த அவரது அறைத்தோழர் இஞ்ஞாசியாரின் கல்லறையும் உள்ளது. 1622 மார்ச் 12ஆம் திகதி இருவரும் ஒரே நாளில் புனிதர்களாகப் பிரகடனம் செய்யப்பட்டனர். முடமான காலும் கட்டுண்ட கரமும் ஒரே கூரையின் கீழ் மீண்டும் சேர்ந்தன.

மன்னாரிலோ, சவேரியாரின் கை எட்டாத இடத்தில், அவர் அனுப்பிய குருவானவரின் கை எட்டியது. அதற்கப்பால், அந்த எளிய மக்களின் விசுவாசமே எட்டியது. அவர்கள் சிந்திய இரத்தத்தின் மேல் வளர்ந்த சமூகம் ஒல்லாந்தர் காலத்துக் கலாபனைகளைத் தாங்கியது. தேவமாதாவின் சுரூபத்தை மாந்தையிலிருந்து மடுக்காட்டுக்குச் சுமந்து சென்றது. 1981ஆம் ஆண்டில் தனி மறைமாவட்டமாயிற்று. எந்தக் கடற்படையும் இதைச் செய்து தந்ததில்லை.

ஆகவே, தொலைநாட்டில் காயமுற்றுக் கிடக்கும் மகனே, மகளே, உன் வலியை மறைக்காதே. மருத்துவரிடம் காட்டு, வீட்டாரிடம் சொல், உன் அறைத்தோழரின் கையைப் பற்றிக்கொள். இழந்த ஓராண்டுப் படிப்பைக் குறித்துக் கலங்காதே. இஞ்ஞாசியார் முப்பது வயதுக்கு மேல் இலக்கணம் தொடங்கினார். பெற்றோரே, உங்கள் கை எட்டாத இடத்தில் பிள்ளை துன்புறும்போது, அனுப்பத்தக்க ஒருவரைத் தேடுங்கள்: அவ்வூரிலுள்ள உறவினரோ, பங்குக் குருவானவரோ, பழைய அயலவரோ. நீங்கள் செல்ல முடியாத இடத்திற்கு உங்கள் செபம் செல்லும். பங்கு மக்களே, போரினால் கால்களையும் கைகளையும் இழந்தவர்கள் நமது கரையில் பலர் இருக்கின்றனர். அவர்களைப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் நோக்காமல், இஞ்ஞாசியாரைப் போல நமக்கு வழிகாட்ட இறைவன் அனுப்பியவராகவும் நோக்குவோம்.

செபிப்போம்: வேதசாட்சிகளின் பலமான ஆண்டவரே, எங்கள் பெருமையின் கயிறுகளை அவிழ்த்தருளும். தூர தேசங்களில் நோயுற்றிருக்கும் எங்கள் பிள்ளைகளின் படுக்கையருகே நல்ல தோழர்களை நிறுத்தியருளும். எங்கள் கைகள் எட்டாத இடங்களில் உமது கரம் அவர்களைத் தாங்குவதாக. ஆமென்.